துலுக்காத வெள்ளைக்காதன்

என் தம்பி மருதாசலத்தைப் போலச் சாமிக்குக் கட்டுப்பட்ட மனுசன் மல்லசமுத்திரம் வட்டாரத்திலேயே கிடையாது என்று ஊர் சொல்லும். ஊருக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? கூடப் பிறந்தவள் நான். மூக்கு ஒழுகின வயசிலிருந்து அவனைப் பார்க்கிறேன். அவனுக்குப் பிடித்ததைச் சாமி சொன்னால் அது தெய்வ வாக்கு. பிடிக்காததைச் சொன்னால் சாமிக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு முறை கேட்பான்.

எங்கள் குலதெய்வம் கருப்பணார், ஊருக்கு மேற்கே பாறைக் கரட்டின் அடியில் இருக்கிறார். பெண் கொடுக்க, பெண் எடுக்க, கிணறு வெட்ட, எதற்கும் எங்கள் பங்காளிகள் அவரிடம் உத்தரவு கேட்பார்கள். ஒரு கிடாக் குட்டியைக் கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, மேலே மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளிக்கிறவர் கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனசுக்குள்தான் கேட்க வேண்டும். குட்டி தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பை ஓர் உதறு உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். 'துலுக்கிருச்சு' என்போம். துலுக்காமல் நின்றால் சம்மதமில்லை, குட்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான்.

எனக்கு ஆடு வளர்த்து விற்கிற தொழில். வீட்டுக்காரர் போய் இருபத்திரண்டு வருசமாக இந்தப் பட்டிதான் எனக்குச் சோறு போடுகிறது. கோயிலுக்குப் போகிற குட்டியில் பாதி என் பட்டிக் குட்டிதான். அதனால் ஆடு ஏன் துலுக்குகிறது என்று எனக்குத் தெரியும். காதுக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் போனால் எந்த ஆடும் துலுக்கும். அதற்குக் கருப்பணார் எழுந்து வர வேண்டியதில்லை. பயந்துபோன குட்டி துலுக்காது. சாக்கில் போட்டு வாயைக் கட்டி, பைக்கில் முன்னால் வைத்துக் கொண்டுபோனால், இறக்கிவிட்ட இடத்தில் விறைத்துப்போய் நிற்கும். குடம் குடமாக ஊற்றினாலும் அசையாது.

"துலுக்கற குட்டியாப் பாத்துக் குடு ஆத்தாயி" என்று என் காதில் குசுகுசுத்து வாங்கிக்கொண்டு போகிற பெரிய மனுசர்களே, அது துலுக்கினதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணீர் விடுவார்கள். தூ! எனக்கு அந்த இடத்தில் சிரிப்பை அடக்குவதுதான் பாடு. எனக்குச் சாமி என்று தனியாக ஒன்றும் கிடையாது. கோயிலுக்குப் போவேன், விபூதி வைத்துக்கொள்வேன், ஒன்றும் கேட்க மாட்டேன்.

ஏழு வருசத்துக்கு முன்னால் மருதாசலம் போர் போடுகிற ரிக்கு வண்டி வாங்கப் போனான். உத்தரவு கேட்டான். முதல் குட்டி ஒரு மணி நேரம் நின்றது, துலுக்கவில்லை. "இதுக்குக் காய்ச்சலுங்க்கா, ஒடம்பே கொதிக்குது பாரு, வேற புடி" என்றான். இரண்டாவது குட்டியும் நின்றது. "இது பயந்துக்குச்சு" என்றான். மூன்றாவது குட்டி துலுக்கியது. "கருப்பணார் குடுத்துட்டாரு!" என்று தேங்காய் உடைத்தான். வண்டி முன் கண்ணாடியில் இன்றைக்கும் 'கருப்பணார் அருள்' என்று எழுதி ஓடிக்கொண்டிருக்கிறது. அருள் வருவதற்கு மூன்று ஆடு ஆனது எனக்குத்தான் தெரியும்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பொண்டாட்டி அறிவுச்செல்வி. பேரில் இருக்கிற அறிவு தலையில் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். சாமி என்றால் உருகிவிடுவாள். கள்ளம் கிடையாது, அதுதான் அவளுடைய கோளாறு. ஆனி மாசம் மார்பில் கட்டி என்று சேலத்துக்குப் போனாள். ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சோதித்து, அந்த நோய்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். ஒரு பக்கத்து மார்பை எடுத்துவிட வேண்டும். ஒரு மாசத்துக்குள் எடுத்தால் பிழைக்க வைக்கலாம், தள்ளிப்போட்டால் பரவிவிடும், அப்புறம் எங்களைக் கேட்காதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னாளாம். செல்விக்கு நாற்பத்து மூன்று வயசு.

மருதாசலம் அன்றைக்குச் சாயங்காலமே என் பட்டிக்கு வந்து ஒரு குட்டியைப் பிடித்தான். எதற்கென்று சொல்லவில்லை. சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, பைக்கில் வைத்துக்கொண்டு போனான். மறுநாள்தான் தெரிந்தது. குட்டி துலுக்கவில்லையாம். "ஆப்பரேசனுக்குச் சாமி உத்தரவு குடுக்கலை. கொஞ்ச நாளு போகட்டும்னு சொல்றாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

"ஏண்டா, ரிக்கு வண்டிக்கு மூணு ஆடு, பொண்டாட்டிக்கு ஒண்ணுதானா?"

"சாமி காரியத்துல வெளையாடாதக்கா. நாம என்ன கண்டோம்? எல்லாம் அவன் பாத்துக்குவான். நம்பி இருக்கோணும்."

"நம்பி இருந்தாக் கட்டி கரைஞ்சு போயிருமா?"

"கஷ்ட காலத்துலதான் நம்பிக்கையச் சோதிப்பாரு. ஆவணி பதினெட்டு நம்ம புள்ளை ஜோதிக்குக் கல்யாணம். அது முடியட்டும். இப்பப் போயி ஆஸ்பத்திரி, கீஸ்பத்திரின்னா கெங்கவல்லிக்காரங்க என்ன நெனப்பாங்க? அம்மாளுக்கு இருக்குது, நாளைக்கு மகளுக்கும் வரும்னு ஒரு வார்த்தை..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வந்துவிட்டது பார், பூனை வெளியே! கருப்பணாரும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. கெங்கவல்லிச் சம்பந்தி வீட்டுக்குப் பயந்துகொண்டு, பொண்டாட்டியின் உயிரை ஆட்டுத் தலையில் கட்டிவிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கோழை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பயத்துக்குப் பக்தி என்று பேர் வைத்தான் பாருங்கள், அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு வந்தேன்.

என் வாய்க்குப் பயந்து பத்து நாள் கழித்து இன்னொரு தரம் கேட்டான். அதே சாக்கு, அதே பைக். அந்தக் குட்டியும் துலுக்கவில்லை. ஆனி முடிந்து ஆடி பிறந்துவிட்டது. டாக்டரம்மா சொன்ன ஒரு மாசத்தில் எட்டு நாள்தான் பாக்கி.

அந்த வாரம் புதன்கிழமை மத்தியானம் செல்வி என் பட்டிக்கு வந்தாள். நான் தழை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். வந்தவள் வேலி ஓரமாக நின்றாள். கண் கலங்கி இருக்கும் என்று பார்த்தேன், இல்லை.

"வா அம்மிணி. சாவுக்கு எப்பத் தேதி குறிச்சிருக்கான் உன்ற ஊட்டுக்காரன்?" என்றேன். என் வாய் அப்படித்தான்.

"நங்கை, கோவிச்சுக்காதீங்க" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கம் வீட்டுக்காரனின் அக்காளை அப்படித்தான் கூப்பிடுவது.

"கோவிக்காம கொஞ்சட்டுமா? வண்டி இருக்குது, ரோடு இருக்குது, ஆஸ்பத்திரி இருக்குது. ஏறிப் போக வேண்டியதுதான? அவனென்ன உன்னையக் கட்டியா போட்டிருக்கான்?"

"சாமி சொல்லாம நானு கத்தி வெக்க மாட்டனுங்க."

"அடி போடி!"

"ஜோதிக்கு நாலு வயசுல மூளைக் காய்ச்சல் வந்துச்சுங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? இங்கயே பாக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நானு கருப்பணாருகிட்டக் கேட்டேன். துலுக்கி உத்தரவு குடுத்துச்சு. ராவோட ராவாக் கோயமுத்தூரு தூக்கிட்டு ஓடுனேன். இன்னம் அரை நாளு விட்டிருந்தாப் புள்ளை இல்லைன்னு அங்க சொன்னாங்க. எனக்கு வேணுங்கறப்ப அவரு பேச்சைக் கேட்டுப்போட்டு, இப்ப உசுருக்குப் பயந்துட்டு மீறிப் போனா, நானு என்ன மனுசிங்க?"

அன்றைக்குத் துலுக்கின குட்டி என் பட்டிக் குட்டிதான். அதன் காதில் தண்ணீர் விட்டது பூசாரி ராசு. குழந்தை கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு அவனே செய்தான், என்னிடம் அப்புறம் சொன்னான். அதை இப்போது அவளிடம் சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. இருக்கிற பிடிமானத்தையும் பிடுங்கினால் அவள் என்ன ஆவாளோ என்று விழுங்கிக்கொண்டேன்.

"இந்த வெள்ளிக்கிழமை மறுக்காக் கேக்கலாம்னு இருக்கறனுங்க. இதுவரைக்கும் அவியதான் தண்ணி தெளிச்சாங்க. இந்தத் தரம் நானே தெளிக்கறேன். நல்ல குட்டியா நீங்களே வண்டியில கொண்டாங்க."

எனக்கு உள்ளே ஒரே சந்தோசம். நானே கொண்டுவந்தால் காரியம் என் கையில். "அதுக்கென்ன, கொண்டாரேன்" என்றேன்.

"ஒண்ணுங்க நங்கை. காதுல மட்டும் தண்ணி ஊத்தீராதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மண்ணாங்கட்டிக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது!

"உன்ற மேல சத்தியமா ஊத்த மாட்டேன்" என்றேன். அந்த நிமிசமே, எந்தக் காதில் ஊற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பொய்ச் சத்தியம் பாவமாம். ஒரு பெண்பிள்ளை சாகக் கிடக்கும்போது பாவத்தைப் பார்க்கிறவளா நான்?

என் பட்டியில் வெள்ளைக்காதன் என்று ஒரு கிடா இருந்தான். கறுப்பு உடம்பு, இடது காது மட்டும் வெள்ளை. தும்மினால் துலுக்குவான், ஈ உட்கார்ந்தால் துலுக்குவான், மழை வரப்போகிறது என்றாலே துலுக்குவான். வெள்ளிக்கிழமை காலையில் அவனுக்கு வயிறு நிறையத் தழை வைத்து, தடவிக் கொடுத்து, குட்டியானை வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினேன். வண்டிக்காரன் மாதேஷ், பல வருசமாக என் ஆடுகளுக்கு ஓட்டுகிறவன். "மெதுவா உருட்டுடா, பயந்துக்கப் போறான்" என்றேன். இறங்கும்போது முந்தானை நுனியை வண்டியிலிருந்த குடத்துத் தண்ணீரில் நன்றாக நனைத்துக் கைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

கோயிலில் மருதாசலம் காரை நிறுத்திவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றான். நான் கொண்டுவந்த குட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. இது சாக்கில் வரவில்லையே! உடனே சமாளித்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி, "கருப்பணாரப்பா! உன்ற வார்த்தைக்கு மேல இந்தக் குடும்பத்துல வார்த்தை கெடையாது. நீ என்ன சொன்னாலும் கட்டுப்படறோம்" என்றான். என்ன நடிப்பு! பூசாரி ராசுகூடச் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான்.

செல்வி வேப்பிலையை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக் கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் மூடியே நின்றாள். அப்புறம் வெள்ளைக்காதனின் தலையிலும் முதுகிலும் மூன்று தரம் தெளித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

நின்றான். தும்மினாலே துலுக்குகிறவன், பேசாமல் நின்றான். சரி, இதற்குத்தானே நான் இருக்கிறேன் என்று, மாலை நழுவுகிறது, சரி பண்ணுகிறேன் என்கிற சாக்கில் குனிந்தேன். முந்தானையை இடது காதுக்குள் பிழிந்தேன். தண்ணீர் உள்ளே போனது என் விரலுக்குத் தெரிந்தது.

துலுக்கவில்லை. கண்ணை மூடித் திறந்தான். கழுத்து மாலையிலிருந்து ஒரு சாமந்தியைக் கடித்து மெல்ல ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குனிந்து வலது காதிலும் பிழிந்தேன். அடேய் வெள்ளைக்காதா, உன்னைப் பொரி கடலை போட்டு வளர்த்தேனேடா, பாவி, ஒரு தரம், ஒரே ஒரு தரம் உதறித் தொலையேண்டா என்று பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன். எருமை மாதிரி நின்றான். முக்கால் மணி நேரம் போயிற்று.

"உத்தரவில்லீங்க" என்றான் ராசு.

மருதாசலம் பெருமூச்சு விட்டான். துக்கத்தில் விட்டது என்று நினைக்க வேண்டுமாம். துண்டால் கண்ணைக்கூட ஒற்றிக்கொண்டான்.

"மூணு தரம் கேட்டாச்சு செல்வி. இனிமேலு கேட்டாச் சாமி குத்தமாயிரும். நம்பி இருப்போம், அவன் பாத்துக்குவான். வா, ஊட்டுக்குப் போலாம்."

"நானு வரலீங்க" என்றாள் செல்வி.

"என்னது?"

"ஆப்பரேசனப் பத்தி நானு கேக்கவே இல்லீங்க. அதைத்தான் நீங்க ரெண்டு தரம் கேட்டுப்போட்டீங்களே. 'இவிய சொல்றபடி கல்யாணம் முடியற வரைக்கும் நானு ஊட்டுலயே இருந்துக்கட்டுமா சாமீ'ன்னு கேட்டனுங்க. வேண்டாம்னு சொல்லிருச்சு. நானு சேலம் போறனுங்க."

என் தம்பி கத்தினான் பாருங்கள், கரட்டில் இருந்த காக்காயெல்லாம் எழுந்து பறந்தது.

"இது செல்லாது! இந்த ஆட்டுக்குக் காய்ச்சலு! ஒடம்பு கொதிக்குது பாரு! அக்கா, வேற ஆடு கொண்டா!"

ராசு சிரித்துவிட்டான். பூசாரி, அதுவும் சன்னதியில் நின்றுகொண்டு. மருதாசலத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏழு வருசமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் எனக்கும் அப்போதே வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை.

"உன்ற வார்த்தைக்கு மேல வார்த்தை கெடையாதுன்னு இப்பத்தானுங்களே சொன்னீங்க" என்றாள் செல்வி. குத்திக்காட்டவில்லை, நிசமாகவே கேட்டாள். அவன் கார் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரும்பி நின்றான்.

"கெடக்கறான் விடு. வா அம்மிணி" என்று அவளைக் கையைப் பிடித்துக் குட்டியானையில் ஏற்றினேன். வெள்ளைக்காதனைப் பின்னால் ஏற்றிக் கட்டினேன். துலுக்காத ஆடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியது. வழியில் இறக்கிவிட நேரமில்லை, சேலம் வரைக்கும் வரட்டும் என்றேன். மாதேஷ் வண்டியை எடுத்தான். முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கோயில் மண் தடம் தாண்டித் தார் ரோட்டுக்கு ஏறின பிறகுதான் எனக்கு உறைத்தது. ஈர முந்தானை இன்னும் என் கைக்குள்தான் இருந்தது.

"ஏம்மிணி, ஒருவேளை அவன் துலுக்கியிருந்தா?" என்று கேட்டேன்.

"ஊட்டுக்குப் போயிருப்பனுங்க."

"போயி?"

"இருந்திருப்பனுங்க. கேட்டுப்போட்டு மீற முடியுங்களா?"

மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போலச் சொன்னாள். ஊரில் இருக்கிற முட்டாள்களையெல்லாம் இருபத்திரண்டு வருசமாகப் பார்த்துச் சிரித்தவள் நான். எல்லாம் தெரிந்தவள் என்று இரண்டு காதிலும் தண்ணீர் பிழிந்தவள் நான். நான் நினைத்தபடி நடந்திருந்தால், இந்நேரம் இவள் வீட்டில் சாவுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மருதாசலம் செய்ய நினைத்ததை அவனைவிடச் சுத்தமாக நான் செய்து முடித்திருப்பேன்.

ஆட்டையாம்பட்டி எல்லை வந்தபோது, பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. படபடபடவென்று இரண்டு காதும் கழுத்தில் அடிக்கிற சத்தம். அதைத் தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். பாழாய்ப்போனவன், துலுக்குகிறான்! முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு இப்போது துலுக்குகிறான்! கழுத்தில் மாலை அப்படியே இருக்கிறது, மஞ்சள் தண்ணீர்கூடக் காயவில்லை. இவள் காதில் விழுந்தால், 'ஊட்டுல இருக்கச் சாமி ஒத்துக்கிச்சு, வண்டியத் திருப்புங்க' என்று சொன்னாலும் சொல்லிவிடுவாள்.

"மாதேஷு, பாட்டைப் போடுறா! சத்தமா வைடா!" என்று கத்தினேன். அவன் பயந்துபோய்ப் போட்டான். பற்றவில்லை. நானே எட்டி ஹாரனை அமுக்கினேன். எதிரே ஒரு வண்டியும் இல்லை. அமுக்கினபடியே இருந்தேன். பின்னால் மறுபடியும் துலுக்கினான்.

கருப்பணாரே, இவள் காதில் மட்டும் விழ வேண்டாம் சாமீ என்று கேட்டேன். உதடு அசையாமல், மனசுக்குள். ஐம்பத்தெட்டு வயசில் நான் அவரிடம் கேட்ட முதல் காரியம் அதுதான்.

செல்வி கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்திருந்தாள். விழுந்ததா இல்லையா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. சேலம் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.